சர்க்கரை போடாத டீ

கடலை மிட்டாயில் பாதி ரோஸ்மேரியின் வாயில் இருக்கிறது. மீதியைப் பக்கத்தில் நின்று பீஸ் பார்க்கிற சாமியாத்தாள் அக்கா பிடுங்கிக்கொண்டாள். "துப்பு கண்ணு. சக்கரை வியாதிய வெச்சுக்கிட்டு இனிப்பத் திங்கறயா?" பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைமேல் குவிந்த வெள்ளை பனியன்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. மேலே டியூப்லைட் இரண்டாகத் தெரிகிறது. பதினாறு வயது ரோஸ்மேரிக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து வழிகிறது, விரல்கள் உதறுகின்றன. காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடாமல் வந்துவிட்டாள். ரத்தத்தில் சர்க்கரை கூடவில்லை, இறங்கிவிட்டது; இப்போது இனிப்புதான் மருந்து. அதைச் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு புரள மாட்டேன் என்கிறது. "ஏனுங்க, இந்தப் புள்ளயக் கொஞ்சம் புடிங்க" என்று அக்கா பின்பக்கத்து மிஷின்காரரிடம் திரும்புகிற நேரத்தில், அவள் கையிலிருந்த மிட்டாய்த் துண்டை ரோஸ்மேரி பறித்து மென்றுவிடுகிறாள். தையல் மிஷின்கள் நிற்காமல் ஓடுகின்றன. வெல்லம் தொண்டையில் இறங்குகிறது. வெகுநேரம் கழித்து டியூப்லைட் ஒன்றாகிறது.

அக்கா முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிடுகிறாள். "உனக்குன்னு டீக்காரர்கிட்ட சக்கரை போடாமக் கேட்டு வாங்கி வெச்சிருக்கறேன். நீ இப்படிப் பண்ணலாமா?"

"சுகர் கொறஞ்சிருச்சுக்கா. அதான்."

"கொறஞ்சா நல்லதுதான கண்ணு."

பாலாடை படிந்த அந்த டீ டம்ளரை ரோஸ்மேரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள். அடுத்த தடவை மயங்கியே விழுந்துவிட்டால், வாயில் இனிப்பைப் போடவிடாத இந்த அக்காவை யார் தடுப்பார்கள்?