பூவரசி பேசறனுங்க

மூளையில் கட்டி வந்து மகள் பூவரசி செத்த மூன்றாம் மாதம், அவள் குரலைக் கணினியில் பேசவைத்து, ஊராருக்குப் போன் போட்டு இந்த நோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்கிறோம் என்று அறக்கட்டளை ஆட்கள் வந்தார்கள். இன்னொரு பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று செங்கோடன் கைரேகை வைத்தான். மகளைப் பற்றி அவர்கள் கேட்டதற்கெல்லாம் அழுதுகொண்டே பதில் சொன்னான். அவன் நம்பருக்கு மட்டும் அந்தக் குரல் வராது என்று வாக்குக் கொடுத்தார்கள்.

கல்குவாரியில் சோற்று நேரம். பக்கத்தில் இருந்த கூட்டாளி சின்னையனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, நான் பூவரசி பேசறனுங்க. தல வலிக்குதுன்னு அழுதனுங்க. பள்ளிக்கோடத்துக்கு டிமிக்கி குடுக்கறயான்னு எங்கப்பா வெளக்குமாத்துல அடிச்சு அங்கயே தாட்டியுட்டாருங்க."

சின்னையன் பதறிப்போய் அழைப்பைத் துண்டிக்கப் பார்த்தான். செங்கோடன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அதச் சொல்லாத சாமி."

"அதச் சொன்னாத்தான் குடுக்கறாங்க மாமா. நீங்க எவ்வளவு தருவீங்க?"

அப்பன்தான் பேசுகிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் சொன்னான்.

"இந்த வாரக் கூலி முச்சூடும் எடுத்துக்க, அம்மணி."

"ரொம்ப நன்றிங்க மாமா" என்று சிரித்தது குரல். "நீங்க எங்கப்பா மாதிரி இல்லீங்க."