அ முதல் ன வரை

சபுரா போனை அந்த இளைஞன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எம் புள்ள பேரு எங்க, வாப்பா?"

இன்றைய மதிய உணவு, என்றிருந்தது திரையில். அதன் கீழே, சபுரா அவர்களின் மகன். அடுத்து வெற்றிடம். பிறகு, நினைவாக.

வெற்றிடத்தில் இரண்டு துணைக்கால்கள் மட்டும் தனியாக நின்றன.

ஹாஜா என்று இருக்க வேண்டிய இடம்.

ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்குத் தினமும் சோறு போடுகிற அறக்கட்டளை அது. செயலியைச் செய்து கொடுத்தவன் அவன்.

நேற்றுத்தான் அதில் புது எழுத்துருவைச் சேர்த்தான். செயலாளர் ஆசைப்பட்டுத் தேடித் தந்தது. கோலம் போட்டதுபோல வளைந்த எழுத்து. அ முதல் ன வரை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் வந்தன. வெளியிட்டான்.

ஹ, ஜ பார்க்கத் தோன்றவில்லை.

அவை அதில் இல்லாமலே இருந்திருந்தால், போன் தன்னிடம் உள்ள எழுத்தை எடுத்துப் போட்டிருக்கும். எழுத்துருவை உருவாக்கியவர் அவற்றுக்கும் இடம் ஒதுக்கி, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

எழுத்து இருக்கிறது என்றே போன் நம்பியது.

செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போயி ஏம்மா கலங்குதீங்க? 'ஆசா'ன்னு போட்டுருவோம். நல்ல தமிழாவும் இருக்கும்."

கெட்டவர் இல்லை. கடைசி ஆள் சாப்பிட்ட பிறகே சாப்பிடுகிறவர்.

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"'ஆசா'ன்னு கூப்பிட்டா அவன் திரும்பிப் பாக்க மாட்டானே, அய்யா."

அவர் தண்ணீர்க் குடங்களைப் பார்க்கப் போய்விட்டார்.

வருஷத்தில் இந்த ஒரு நாள். மகன் போன நாள். அன்றைய சோறு அவள் செலவு. அந்தப் பெயர் அன்று முழுவதும் திரையில் இருக்கும். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

போனில் மருமகளின் குரல்பதிவு வந்திருந்தது. அவனுக்கும் போட்டுக் காட்டினாள்.

"மாமி, அவுக பேரு வரலியே. இந்த வருசம் நம்ம சாப்பாடு இல்லியா?"

அவன் மடிக்கணினியைத் திறந்தான். புது எழுத்துருவை எடுத்தான். பழையதை வைத்தான். அனுப்பினான்.

பரிசீலனையில் உள்ளது, என்று செயலிக் கடையிலிருந்து பதில் வந்தது.

நாளை வந்துவிடும்.

நாளை வேறொருவருடைய நாள்.

அண்டாக்கள் இறங்கின. வரிசை நீண்டது. அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

அவன் அப்பளப் பெட்டியின் அட்டையைக் கிழித்தான். பேனாவை அழுத்தி அழுத்தி, ஒரே கோட்டின் மேல் பலமுறை எழுதினான். கோணல் கையெழுத்து. பெயருக்கே அட்டை நிறைந்துவிட்டது. நினைவாக என்று எழுத இடமில்லை.

அண்டாவில் சாய்த்து வைத்தான்.

அவள் பார்த்தாள். முதல் தட்டில் சோறு வைத்தாள்.

இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தையோடு வந்த ஒருத்தி, தட்டை நீட்டியபடி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஹா... ஜா. இந்தப் புள்ளையா சோறு போடுது? நூறு வருசம் நல்லா இருக்கட்டும்."

கரண்டி அண்டாவின் விளிம்பில் நின்றது.

அவன் அட்டையை எடுக்கக் குனிந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஆமீன்" என்றாள்.

குழந்தைக்கென்று இன்னொரு கரண்டி வைத்தாள்.