லோக்கல் பெட்டி

"கம்பெனி சரக்கைத் தேடி வாங்குறவன் ஏமாளிம்மா" என்றார் பெத்திராஜு.

விஜயவாடா ஆட்டோநகரில் ஆறு லாரிக்குச் சொந்தக்காரர். கமலாகரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபடி, புது முதலாளிகளுக்கு இலவசமாகப் பாடம் எடுப்பார். கேட்காதவர்களுக்கும் எடுப்பார்.

இன்று மாட்டியவள் ரத்தினகுமாரி. கடன் வாங்கி ஒரே ஒரு பழைய லாரி எடுத்திருந்தாள். ஓட்டுவது அவள் தம்பி. பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. நாளைக்கு அவன் முழு லோடோடு நல்லமலை இறக்கத்தில் இறங்க வேண்டும்.

"சரக்கு நாலு வகை. ஒண்ணு, கம்பெனி முத்திரை போட்டது. ரெண்டாவது, அதே தொழிற்சாலையில செஞ்சு, முத்திரை மட்டும் இல்லாம வர்றது. மூணாவது லோக்கல். நாலாவது, பழைய வண்டியில கழட்டித் தட்டிக்கொட்டிப் புதுசாக்கினது."

"இதுல எதுங்க நல்லது?"

"ஒரு தாய் பெத்த பிள்ளைங்கதாம்மா எல்லாம். ஒருத்தனுக்குக் கோட்டு சூட்டு மாட்டி விட்டுட்டுக் காசு கேக்குறான். என் ஆறு வண்டியும் லோக்கல்தான். பிரேக் பிடிக்கலன்னு ஒருத்தன் சொல்லியிருப்பானா? டேய் சிம்மாசலம், சொல்லுடா."

வாசலில் நின்ற டிரைவர் சிம்மாசலம் பிடரியைச் சொறிந்தான். "நல்லாத்தான் பிடிக்குதுங்க ராஜுகாரு."

ரத்தினகுமாரிக்கு மனசு லோக்கல் பக்கம் சாய்ந்தது. மிச்சமாகும் காசு இந்த மாதத் தவணைக்கு ஆகும். எதற்கும் சரக்கைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனாள்.

அங்கே கமலாகர் தரையில் இரண்டு பெட்டிகளைப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று கம்பெனி, ஒன்று லோக்கல். இதிலிருந்து அதற்கு லைனிங்கை மாற்றிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

"பெட்டி மாத்துறீங்களா? நல்ல பொழைப்பு. இருங்க, ராஜுகாருவைக் கூப்பிடுறேன்."

"வேண்டாம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"லோக்கலைக் கம்பெனிப் பெட்டியில போட்டு நீங்க விப்பீங்க, புண்ணியம் எனக்கா?"

"சத்தம் போடாதீங்க. எதை எதுல போடுறேன்னு பாத்துட்டுப் பேசுங்க."

பார்த்தாள். லைனிங்கின் விளிம்பில் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. அது போய்க்கொண்டிருந்தது லோக்கல் பெட்டிக்குள்.

"யாருக்கு இது?"

"ராஜுகாருவுக்குத்தான். சிம்மாசலம் ஓட்டுற வண்டிக்கு."

"நஷ்டத்துக்கா குடுக்குறீங்க?"

"நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்? லோக்கல் விலையை முதலாளி குடுக்குறார். மீதியை டிரைவரோட சம்சாரம் முன்னாடியே வந்து குடுத்திடும். போன தடவை சிம்மாசலம் சம்சாரம் காதுல கம்மல் இருந்துச்சு. நேத்து வந்தப்ப இல்லை."

"மத்த அஞ்சு வண்டிக்கு?"

"அந்த அஞ்சு டிரைவருக்கும் சம்சாரம் இருக்கேம்மா."

"இதை அவர்கிட்ட சொல்லிட்டா என்ன?"

"சொன்னா, இவனுங்ககிட்ட காசு புரளுதுன்னு பேட்டாவைக் குறைச்சிடுவார்."

"அவரே பெட்டியைத் திறந்து பாத்துட்டா?"

"பெட்டிமேல இருக்கிற விலையைத் தவிர அவர் எதையும் பாத்ததே இல்லைம்மா."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. தவணைக் காசுக்காகத் தம்பியின் உயிரோடு விளையாட இருந்தோமே.

வெளியே வந்தாள். பெத்திராஜு அடுத்த பஜ்ஜிக்குப் போயிருந்தார்.

"என்னம்மா, லோக்கல்தானே?"

"இல்லீங்க. கம்பெனி சரக்கே எடுத்துக்கிறேன்."

"இவ்வளவு சொல்லியும் புரியலையே. ஒத்த லாரி, அதுவும் கடன்ல ஓடுது. உனக்கு எதுக்கும்மா இந்த ஆடம்பரம்?"

"லோக்கல் எனக்குக் கட்டுப்படியாகாதுங்க ராஜுகாரு. என் தம்பி பொண்டாட்டிக்கு அந்த அளவுக்கு வசதி இல்லை."