ஓசியில் ஒரு பாட்டு

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள். மீன் சாப்பாட்டுக் கடை நடத்தும் எர்லிண்டாவும் அப்படி நினைத்துத்தான் அந்தப் போனில் பேசினாள்.

"அக்கா, அபெல்லானா பேசறேன். பாட்டு உரிமை ஆபீஸ்."

மூக்கால் இழுக்கும் அந்தக் குரல் பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்துக் கடைக்காரர்கள் எல்லாரையும் மெஷினை ஒளிக்க வைக்கும். திருட்டுப் பாட்டு ஏற்றிய, காசு போட்டுப் பாடினால் மார்க் போடும் கரோக்கே மெஷின்களைத் தூக்கிப் போகிற இன்ஸ்பெக்டர் அவர்.

ஆனால் மூணு சக்கர வண்டி ஓட்டும் நெல்மருக்கும் அதே குரல் அச்சு அசலாக வரும். போன மாதம் இப்படித்தான் மிரட்டி, எர்லிண்டாவை மெஷினோடு கோழிக்கூண்டுக்குள் புக வைத்தான். தெருவே சிரித்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வர்றோம். மெஷினை வேற எங்கயாவது வச்சிடுங்க. நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஐயோ சார், கையெல்லாம் நடுங்குதே!" என்றாள், மீனைத் திருப்பிப் போட்டபடி. "வர்றதுதான் வர்றீங்க, ஓசியில ஒரு பாட்டு பாடிட்டுப் போங்க. அந்த மூக்குக்கு மெஷின் நூறு மார்க் போடும்!"

"அக்கா, விளையாட்டில்ல..."

"போடா குரங்கு! இன்னொரு தடவை ஏமாற நான் என்ன உன் மாமியாரா?"

போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் கடை நிறையக் கூட்டம். மெஷின் இருந்தால்தான் கூட்டம். கூட்டம் இருந்தால்தான் அடுப்பு.

போலீசோடு வந்து நின்றார் அபெல்லானா. கூடவே மேலதிகாரி அம்மா.

சாட்சிக்கு இன்ஸ்பெக்டரே காசு போட்டு, திருட்டுப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாட வேண்டும். ஒருவன் படம் பிடிப்பான். அதுதான் அவர்கள் முறை. அபெல்லானா தலை குனிந்து பாடினார். மெஷின் ஊதல் ஊதிக் கைதட்டி, தொண்ணூற்றெட்டு மார்க் போட்டது. கூட்டத்தில் நெல்மர் மட்டும் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

மெஷினைத் தூக்கினார்கள்.

"மனுஷனாய்யா நீ?" எர்லிண்டா கத்தினாள். "இங்கதானே உட்கார்ந்து மீன் சாறு குடிச்சே? ஒரு வார்த்தை முன்னாடியே சொன்னா நாக்கு அழுகிடுமா?"

மேலதிகாரி அம்மா திரும்பிப் பார்த்தாள். அபெல்லானா ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

அந்த அம்மா வண்டியில் ஏறிய பிறகுதான், ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் அபெல்லானா எர்லிண்டாவின் பக்கம் குனிந்தார்.

"ஓசியில பாட எங்களுக்கு அனுமதி இல்லக்கா," என்றார், மூக்கால். "அதான் காசு போட்டேன்."

எர்லிண்டா நெல்மரைப் பார்த்தாள். "நேத்து போன் பண்ணது நீதானே?"

"எந்தப் போன்க்கா?" என்றான் அவன், வேஷம் போடாத தன் சொந்தக் குரலில். "நேத்து நான் யாருக்கும் பண்ணலையே!"

"அவன்னு நெனச்சு..." என்று அபெல்லானாவிடம் ஆரம்பித்தாள். ஒயரைச் சுருட்டியவர் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டார்.