விழும் காட்சி

"அந்தப் பெரியவர் விழுற இடம் இருக்கே, அதை எப்படி வரைஞ்சீங்க?"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள். குறும்பட விழா அரங்கில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அதுதான் கேட்க வேண்டியிருந்தது.

மேடையில் நின்றவள் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

சின்ன அனிமேஷன் படம்தான். மாடி அறையில் தனியாக இருக்கும் ஒரு கிழவர், மின்விசிறிக்குள் வந்து மாட்டிக்கொண்ட புறாவை எடுத்துவிட ஸ்டூல்மேல் ஏறுகிறார். விழுகிறார். புறா பறந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

அதற்கான அத்தனை ஓவியங்களையும் அவளே கையால் வரைந்தாள். ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆடும் பற்பசைக்கும் பாடும் பிஸ்கட்டுக்கும் கைகால் வரைந்து சலித்துப்போய், வேலையை உதறிவிட்டு வந்தவள். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஸ்டுடியோ. மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

இன்னும் பொம்மைதான் போடுகிறாளா என்று உறவுக்காரர்கள் கேட்டால் அப்பா வரிந்துகட்டிக்கொண்டு வருவார். பொம்மை இல்லை, படம் என்பார். என்ன படம் என்று அடுத்த கேள்வி வந்தால் மட்டும் அவளைத் தேடுவார்.

முதல் படத்தை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவதைப் பார்த்தவர்கள் பார்க்காமலே இருந்திருக்கலாம். இதுவும் கைவிட்டால் மறுபடி பற்பசைதான்.

புறா நன்றாக வந்திருந்தது. ஸ்டூல்கூட நன்றாக வந்திருந்தது. கிழவர்தான் விழ மாட்டேன் என்றார். எப்படி வரைந்தாலும் யாரோ ஒரு மூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரியே இருந்தது. மாதக்கணக்கில் அந்த ஒரே இடத்தில் படம் நொண்டியது. அவள் யாரோடும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. வீடே அந்தக் கிழவர் எப்போது விழுவார் என்று காத்துக்கிடந்தது.

ஒரு காலையில் அப்பா விழுந்தார்.

பரணிலிருந்த பெட்டியை எடுக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி நின்றிருந்தார். அவள் கையில் காப்பியோடு அறைக்குள் வந்தாள். ஸ்டூல் ஆடியது.

கை எட்டும் தூரம்தான். பிடித்திருக்கலாம்.

கால் நகரவில்லை. கண் மட்டும் வேலை செய்தது.

முதலில் முழங்கால் மடிகிறது. உடம்பு உடனே விழவில்லை. விழலாமா என்று ஒரு கணம் யோசிக்கிறது. கை காற்றில் எதையோ தேடுகிறது. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் தேடுகிறது. முகத்துக்குத்தான் கடைசியாக விஷயம் தெரிகிறது.

இதுதான், இதுதான் என்று அவளுக்குள் ஏதோ துள்ளியது.

துள்ளியது. இந்தச் சொல்லுக்குப் பதில் வேறு சொல் போட அவளும் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டாள். பெற்ற அப்பா விழுந்துகொண்டிருக்கும்போது மகளுக்குச் சந்தோஷம் வந்தது.

எலும்பு முறியும் சத்தம் கேட்ட பிறகுதான் "அப்பா!" என்று கத்தினாள்.

மணிக்கட்டு. மாவுக்கட்டுப் போட அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, மறந்துபோவதற்குள், எக்ஸ்ரே உறைமேல் அந்த முழங்காலை வரைந்தாள். அப்புறம் அந்தக் கையை.

கட்டைப் பிரித்தும் கை சரியாகச் சேரவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். வேலையில் இருந்தவரை வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. இப்போது சட்டைக்குப் பொத்தான் போட அம்மா வர வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் அந்தப் பக்கமே போவதில்லை.

அரங்கம் பதிலுக்குக் காத்திருந்தது.

முன்வரிசையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடியோதான்," என்றாள் அவள். "ஆளுங்க விழுற வீடியோவா தேடித்தேடிப் பார்த்தேன்."

சிரித்தார்கள். கைதட்டினார்கள். நடுவர் மைக்கை வாங்கி, இந்த ஒரு காட்சிக்காகத்தான் பரிசே என்றார். அப்பா கைதட்ட முடியாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா வண்டி பிடிக்கப் போனாள். படிக்கட்டில் அவளும் அப்பாவும் மட்டும் நின்றார்கள். பரிசுக் கேடயம் கையில் கனத்தது. இனியும் இதை உள்ளே வைத்துக்கொண்டு அவரோடு ஒரே வண்டியில் போக முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்பா, அன்னிக்கு ஸ்டூல்லேர்ந்து விழுந்தீங்களே... நான் அங்கதான்..."

அப்பா சட்டென்று அம்மா போன திசையைப் பார்த்தார். அவள் தூரத்தில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே, கொன்னுடுவா. முதல்ல கட்டில்மேல விழுந்துதான் பார்த்தேன். மெத்தையில விழுந்தா நல்லா வரலை. அதான் நீ வர்ற வரைக்கும் ஸ்டூல்லயே நின்னேன். கை ஒடியும்னு நினைக்கலை, அது என் தப்பு."

அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, பரிசு வாங்கிய சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். சற்றுத் தயங்கிக் கேட்டார்.

"அவ்வளவு பக்கத்துல நின்னியே, நல்லாத் தெரிஞ்சுதில்ல?"