படிக்க மட்டும்

சுதன் புது இ-ரீடரை மனைவியிடம் நீட்டினான்.

"நந்தனா, இனி இதுல படி. டேப்லெட்ட நான் ஆபீசுக்குக் கொண்டு போறேன்."

"என் போன் உடைஞ்சு கிடக்கு. அதையும் எடுத்தா எப்பிடி?"

"படிக்கத்தான் வேணும்னு சொன்னே. இதுல படிக்க மட்டும்தான் முடியும். கண்ணுக்கும் நல்லது."

அவள் முகம் வாடியது. அவன் சந்தேகம் உறுதியானது. மூடிய கதவுக்குப் பின்னால் அவள் யாரிடமோ பேசுவதை இரண்டு தடவை கேட்டிருக்கிறான். விசாரித்தால், "படிச்சிட்டிருந்தேன்" என்பாள்.

மதியம் கீரிப்பாறை எஸ்டேட் ஆபீசில் டேப்லெட் ஒலித்தது. வீடியோ அழைப்பு. பல்லைக் கடித்தபடி எடுத்தான்.

திரையில், கண் ஆபரேஷன் முடிந்து, இன்னும் பார்வை தெளியாமல் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அவன் அப்பா.

"நந்தனா மக்களே, வந்தியா? நேத்து விட்ட எடத்துலேருந்து வாசி. அவனுக்குத் தெரியாண்டாம். நான் வயல வித்ததுலேருந்து எங்கிட்ட பேச மாட்டேங்கான். தெரிஞ்சா ஒன்னத்தான் ஏசுவான்."

சுதன் டேப்லெட்டை மேசைமேல் சாய்த்து வைத்தான்.

"என்ன மக்களே, சத்தத்தையே காணோம்? அவன் ஏசிட்டானா?"

அந்த நிமிடமே நந்தனாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. கூப்பிட அவளிடம் அவன் எதையும் விட்டு வைக்கவில்லை.