முன்னால் ஓடும் மஞ்சள் கார்

ஆன்லைன் மின்சாரக் கார் பந்தயத்தின் இறுதிப் போட்டி, கடைசிச் சுற்று. போட்டியை நடத்துகிற மங்கையர்க்கரசியை ஜெரால்டு போனில் கூப்பிட்டான். "இங்க கரண்ட் போயிடுச்சுக்கா. ரெண்டு சுத்துக்கு முன்னாடியே நான் அவுட்." ஆனால் அவள் திரையில் அவனுடைய மஞ்சள் கார்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"வேற யாராவது ஓட்டுறாங்களா?"

"கம்ப்யூட்டரே அணைஞ்சு கிடக்குக்கா. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

கார் ஒரு வளைவில்கூடப் பிசகவில்லை. பேட்டரி மூன்று சதவீதத்திலேயே நின்றது, குறையவே இல்லை. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவன் ஹெட்செட்டில் கத்தினான்: "அவன் லைன்லயே இல்லக்கா, தூக்குங்க." இணைப்பு அறுந்தவன் காரை உடனே நீக்க வேண்டும் என்று விதி எழுதியவளே அவள்தான். நீக்கும் பொத்தான்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். அப்போது கேமராவைக் கடந்த மஞ்சள் கார் இரண்டு முறை விளக்கைச் சிமிட்டியது. ஒவ்வொரு சுற்றிலும் ஜெரால்டு அவளுக்கு வைக்கும் வணக்கம் அது.

மவுஸை அழுத்தப்போன விரல் அப்படியே நின்றது. "ஜெரால்டு, ஸ்டியரிங்கை விட்டுட்டு எழுந்திரு."

போனில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"வலது கையை எடுத்துட்டேன்க்கா. இடது கைதான் வரமாட்டேங்குது."